போவதும் வருவதும்: வார்டில் கற்றுக்கொண்ட ஆங்கிலம்

இங்கிலாந்தில் செவிலியராக வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது வாரத்தில், ஓர் இரவுப் பணியின்போது, இரண்டு சிறிய சொற்களை நான் தவறாகப் புரிந்துகொண்டதால் முதியவர் ஒருவரின் கையில் தேவையில்லாமல் இன்னொரு முறை ஊசி ஏற்ற வேண்டியதாயிற்று. யார்க்ஷயரில் உள்ள பொது மருத்துவமனை ஒன்றின் முதியோர் வார்டு அது. இரவு 10 மணி மருந்துகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு படுக்கையாக நான் சென்றுகொண்டிருந்தபோது, ஒரு நோயாளியின் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்த உதவிப் பணியாளர், திரைக்குப் பின்னாலிருந்து, இரண்டாவது தனியறையில் சொட்டு மருந்து ஏற்றும் பம்பின் அலாரம் 'கான் ஆஃப்' என்று குரல் கொடுத்தார். 'ஆஃப்' என்ற சொல்லைக் கேட்டதும் அலாரம் அணைந்துவிட்டது, அதாவது யாரோ போய்ப் பார்த்து அதை நிறுத்திவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு, அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, நான் என் வேலையைத் தொடர்ந்தேன். சாத்திய கதவுக்குப் பின்னால் அந்த அலாரம் ஒலித்துக்கொண்டே இருந்தது. பொறுப்புச் செவிலியர் அந்த வழியாக வந்து கதவைத் திறந்தபோது சொட்டு மருந்து தீர்ந்து, கையில் பொருத்தியிருந்த குழாயில் இரத்தம் உறைந்து அடைத்துப்போயிருந்தது.

அவருக்கு வேறு தீங்கு எதுவும் நேரவில்லை. ஆனால் எண்பது வயதைக் கடந்தவரின் மெல்லிய தோலில் நரம்பு தேடி மறுபடியும் ஊசி குத்துவது எவ்வளவு வேதனை என்பது செவிலியர் அனைவருக்கும் தெரியும். அன்று விடியும்வரை அந்த இரண்டு சொற்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். 'கோ' எனக்குத் தெரியும். 'ஆஃப்' எனக்குத் தெரியும். நான்காம் வகுப்பிலிருந்தே இரண்டும் தெரியும். இரண்டும் சேர்ந்தால் 'ஒலிக்கத் தொடங்கிவிட்டது' என்று பொருள்படும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த எவருக்கும் 'ஆஃப்' என்பது ஒரு தமிழ்ச் சொல்லைப் போலவே பழகிப்போன ஒன்று. விளக்கை ஆஃப் செய்கிறோம், மோட்டாரை ஆஃப் செய்கிறோம், கைபேசி சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கிறது என்கிறோம். நம் வாயில் அதற்கு ஒரே பொருள்தான்: ஓய்ந்தது, அணைந்தது. ஆங்கிலத்தில் அதன் அடிப்படைப் பொருள் அணைவது அன்று, விலகுவது. இன்று 'உடைய' என்ற பொருளில் வழங்கும் 'ஆவ்' என்ற சிறு சொல்லும் இந்த 'ஆஃப்' என்ற சொல்லும் ஒரு காலத்தில் ஒரே சொல்லாக இருந்து, அழுத்திச் சொன்ன வடிவம் 17ஆம் நூற்றாண்டு வாக்கில் தனிச் சொல்லாகப் பிரிந்து நிலைத்தது. ஒன்றிலிருந்து விலகிப் புறப்படுவதுதான் அதன் உயிர். துப்பாக்கி வெடிப்பதற்கும் ஆங்கிலத்தில் 'கோ ஆஃப்' என்றே பெயர். உள்ளே அடங்கியிருந்தது விடுபட்டுப் புறப்படுகிறது. அலாரமும் அப்படியே, அடக்கி வைத்த ஒலி புறப்பட்டுவிட்டது. விளக்கு 'கோ ஆஃப்' ஆனால் வெளிச்சம் விலகிவிட்டது. பால் 'கோ ஆஃப்' ஆனால் அதன் நல்ல தன்மை விலகிவிட்டது, அதாவது கெட்டுப்போய்விட்டது. ஒரு பாட்டி தன் உணவிலிருந்து 'கோ ஆஃப்' ஆகிவிட்டார் என்று பணி ஒப்படைக்கும்போது சொன்னால் அவருக்குச் சாப்பாட்டின் மேல் மனம் இல்லை என்று பொருள். அகராதியில் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற நான்கைந்து பொருள்களாக வரிசையிட்டிருக்கும் இவை அனைத்தும் ஒரே திசையில்தான் நகர்கின்றன. அந்தத் திசையை எனக்கு யாரும் பள்ளியில் காட்டித் தரவில்லை.

பள்ளியில் எனக்குக் கிடைத்த ஆங்கிலம் வேறு வகையானது. திண்டுக்கல் மாவட்டத்தில் தமிழ்வழியில் பயின்று, நர்சிங் கல்லூரியில் முதன்முறையாக எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்தில் எதிர்கொண்ட எனக்கு, 'வாமிட்டிங்' (வாந்தி), 'சின்கபி' (மயக்கம்), 'எக்ஸாசர்பேஷன்' (நோய் திடீரென்று கூடுவது), 'சப்சைட்' (தணிவது), 'டாலரேட்' (பொறுத்துக்கொள்வது) போன்ற சொற்கள் சரளமாக வந்தன. இவை பெரும்பாலும் இலத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்த சொற்கள். ஒரு சொல், ஒரு பொருள் என்று மனப்பாடம் செய்ய ஏற்றவை. தேர்விலும் அவைதாம் கேட்கப்பட்டன. ஆனால் என் வார்டில் படுத்திருந்த யாரும் அந்த மொழியில் தங்கள் உடம்பைப் பற்றிப் பேசவில்லை. வாந்தி எடுத்தவர் 'த்ரோ அப்' செய்தேன் என்றார். இன்னொருவர் காலையில் சாப்பிட்டதை 'பிரிங் அப்' செய்துவிட்டேன் என்றார். மயங்கி விழுந்தவர் 'பாஸ் அவுட்' ஆனேன் என்றார். மருந்தின் வேகம் தணிந்தால் 'வேர் ஆஃப்', வீக்கம் வடிந்தால் 'கோ டவுன்', மூட்டுவலி திடீரென்று கூடினால் 'ஃப்ளேர் அப்', முழங்கால் தொல்லை கொடுத்தால் 'ப்ளே அப்'. இந்தக் கடைசிச் சொல்லை முதலில் கேட்டபோது முழங்கால் எப்படி விளையாடும் என்று குழம்பினேன். பிறகு என் அம்மா மூட்டைத் தடவிக்கொண்டே 'முட்டி ரொம்பப் படுத்துது' என்று சொல்வது நினைவுக்கு வந்தது. அடங்காத பிள்ளை படுத்துவதைப் போல முட்டியும் படுத்துகிறது. அந்த ஆங்கிலத் தொடரும் குழந்தைகளின் அடாவடிக்கும் உடம்பின் தொல்லைக்கும் பொதுவானதுதான்.

'பாஸ் அவுட்' என்பதில் எனக்கு வேறொரு சிக்கல் இருந்தது. நம் நாட்டில் அது படிப்பை முடித்து வெளியேறுவதைக் குறிக்கிறது. பிரிட்டனிலும் பயிற்சி முடித்த படைவீரர்களுக்கு 'பாஸிங் அவுட்' அணிவகுப்பு நடக்கிறது. ஆனால் மருத்துவமனையில் அந்தப் பொருள் யாருக்கும் முதலில் தோன்றாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது, 2011ஆம் ஆண்டில் 'பாஸ் அவுட்' ஆனேன் என்று நான் சொல்ல, உடன் பணிபுரிபவர்கள் அக்கறையோடு, அதற்குப் பிறகு அப்படி நேர்ந்ததுண்டா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதன் காரணம் எனக்குப் புரியவே சில வாரங்கள் ஆயின.

வினைச்சொல்லோடு 'அப்', 'ஆஃப்', 'அவுட்', 'டவுன்' போன்ற சிறு சொல் சேர்ந்து புதிய பொருள் தருவதை ஆங்கில இலக்கணத்தார் 'ஃப்ரேசல் வெர்ப்' என்கிறார்கள். பெயர் அவ்வளவு பழையது அன்று. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி பரிந்துரைத்த பெயர் என்று குறிப்பிட்டு, எழுத்தாளர் லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் வெளியிட்ட நூலில் அதைப் பயன்படுத்தினார். வழக்கு மட்டும் மிகப் பழையது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே இதைத் தனியாக எடுத்துப் பேசுகிறார்: வினைக்குப் பின்னால் ஓர் ஒட்டுச் சொல்லைச் சேர்த்து அதன் பொருளை மாற்றும் வழக்கம் வேறெந்த மொழியையும்விட ஆங்கிலத்தில் அதிகம் போலும் என்றும், வெளிநாட்டவருக்கு மிகப் பெரிய இடர்ப்பாடு அதில்தான் என்றும் சொல்லி, 'செட் அவுட்', 'பிரேக் ஆஃப்', 'ஃபால் ஆன்' என்று நீண்ட பட்டியல் தருகிறார். இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே என்னைப் போன்ற ஒருவரை மனத்தில் வைத்து எழுதிய வரிகளைப் போல அவற்றை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது.

இரண்டு வகைச் சொற்கள் அருகருகே ஏன் இருக்கின்றன என்பதற்கும் வரலாற்றில் விடை இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இத்தகைய ஒட்டுகள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் நின்றன. காலப்போக்கில் அவை வினைக்குப் பின்னால் நகர்ந்தன. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரண்மனைக்கும் நீதிமன்றத்துக்கும் பிரெஞ்சு உரியதாயிற்று, கல்விக்கும் வழிபாட்டுக்கும் இலத்தீன் இருந்தது. வீட்டிலும் வயலிலும் படுக்கையிலும் பேசிய மொழி ஆங்கிலமாகவே நீடித்தது. ஆகவே ஒரு வேலையைத் தள்ளிப்போடுவதற்கு எழுத்தில் 'போஸ்ட்போன்' என்றும் பேச்சில் 'புட் ஆஃப்' என்றும் இரண்டு சொற்கள் நின்றுவிட்டன. வியப்பு என்னவென்றால் 'போஸ்ட்போன்' என்பதும் இலத்தீனில் 'பின்னால் வை' என்ற இரண்டு துண்டுகளின் சேர்க்கைதான். அங்கே துண்டுகள் உருகி ஒன்றாகிவிட்டன. 'புட் ஆஃப்' என்பதில் அவை இன்னும் தனித்தனியே கண்ணுக்குத் தெரிகின்றன.

இந்த இடத்தில்தான் நான் தமிழைத் திரும்பிப் பார்த்தேன். அதற்கு முன்பு, இது நம் மொழியில் இல்லாத ஒன்று, ஆகவே இருநூறு முந்நூறு தொடர்களை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்று நினைத்திருந்தேன். 'தள்ளிப்போடு' என்று தமிழில் சொல்லிப் பார்த்த கணத்தில் அந்த நினைப்பு கலைந்தது. அதிலும் 'போடு' இருக்கிறது, 'புட் ஆஃப்' என்பதிலும் 'போடு' இருக்கிறது. நோயாளியைக் கவனிப்பதற்கு ஆங்கிலத்தில் 'லுக் ஆஃப்டர்', தமிழில் 'பார்த்துக்கொள்'. இரண்டு மொழிகளுமே பார்வையைத்தான் பராமரிப்பாக மாற்றியிருக்கின்றன. பிடிவாதத்தைக் கைவிட்டு இணங்குவதற்கு அங்கே 'கிவ் இன்', இங்கே 'விட்டுக்கொடு'. இரண்டிலும் கொடுப்பது இருக்கிறது. 'ஃபைண்ட் அவுட்' என்பதற்கு நிகரான 'கண்டுபிடி' என்ற சொல்லில் காண்பதும் பிடிப்பதும் சேர்ந்து, இரண்டும் அல்லாத மூன்றாவது பொருளைத் தருகின்றன. 'விட்டுக்கொடு' என்பதைத் தமிழ் கற்கும் வெளிநாட்டவர் ஒருவர் 'விடு', 'கொடு' என்று பிரித்து அகராதியில் தேடினால் அவருக்கு என்ன கிடைக்கும்? எனக்கு 'கான் ஆஃப்' என்பதில் கிடைத்ததுதான் கிடைக்கும்.

நம்முடைய துணைவினைகள் செய்யும் வேலையை நாம் கவனிப்பதே இல்லை. 'சாப்பிட்டான்' என்பதற்கும் 'சாப்பிட்டுவிட்டான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் குழந்தையும் அறியும்; 'விடு' வந்து செயலை முற்றுப்பெறச் செய்கிறது. ஆங்கிலத்தில் 'ஈட் அப்', 'டிரிங்க் அப்', 'ஹீல் அப்', 'டிரை அப்' என்பவற்றில் 'அப்' செய்வது ஏறத்தாழ அதே வேலை. 'அப்' என்றால் மேலே என்று மட்டும் கற்றிருந்த எனக்கு, புண் எப்படி மேலே ஆறும் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. மேலே போவது நிறைவதற்கு அடையாளம். குடத்தில் நீர் ஏற ஏற நிறைகிறது, விளிம்பைத் தொட்டதும் முடிகிறது. அப்படி மனத்தில் வரைந்துகொண்ட பிறகு அந்தச் சொற்கள் ஒன்றின் பின் ஒன்றாகத் திறந்துகொண்டன. 'ஸ்வெல் அப்' என்பதிலும் 'ஃப்ளேர் அப்' என்பதிலும் அதே 'அப்' கூடுதலைக் காட்டுகிறது. 'த்ரோ அப்', 'காஃப் அப்', 'பிரிங் அப்' ஆகியவற்றில் மட்டும் அது உடம்புக்குள் உண்மையாகவே நடக்கும் மேல்நோக்கிய நகர்வு.

இன்னும் ஆழமாக என்னைத் தொட்டது வேறொன்று. அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது நோயாளி 'கோ அண்டர்' ஆகிறார். நினைவு திரும்பும்போது 'கம் ரவுண்ட்' ஆகிறார். சட்டென்று மயங்கியவர் விழித்தால் 'கம் டு'. கடும் நோயிலிருந்து மீண்டால் 'கம் த்ரூ'. இறந்தால் 'பாஸ் அவே'. நம் பக்கம் திரும்புவதற்கு வருவது, நம்மை விட்டு விலகுவதற்குப் போவதும் கடப்பதும். தமிழிலும் நினைவு 'போகிறது', நினைவு 'வருகிறது'; உயிர் 'போகிறது'. நோயாளி 'தேறிவருகிறார்' என்போம், 'தேறிப்போகிறார்' என்று யாரும் சொல்ல மாட்டோம். கால் 'மரத்துப்போகிறது', முகம் 'வாடிப்போகிறது', பால் 'கெட்டுப்போகிறது'. விரும்பாத மாற்றத்துக்கு நாம் 'போ' என்பதைத் துணைக்கு அழைக்கிறோம். அந்த இரவில் 'கான் ஆஃப்' என்ற சொல்லைக் கேட்டபோது, ஏதோ ஒன்று கட்டுமீறிப் புறப்பட்டுப் போய்விட்டது என்று என் தமிழறிவு எனக்குச் சொல்லியிருக்க முடியும். ஆனால் நான் ஆங்கிலத்தைத் தமிழைத் தொடாமல் கற்றிருந்தேன்.

எல்லா இடத்திலும் இந்தப் பொருத்தம் கைகொடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். பேருந்திலிருந்து இறங்குவதை நாம் 'கெட் டவுன்' என்கிறோம், ஏனெனில் தமிழில் இறங்குவது கீழ்நோக்கிய செயல். அவர்களுக்கு அது 'கெட் ஆஃப்', வண்டியிலிருந்து விலகுவது. சமாளிப்பதைக் குறிக்கும் 'கோப்' என்ற வினைக்குப் பின்னால் நம்மில் பலர் தேவையில்லாமல் 'அப்' சேர்த்துச் சொல்கிறோம். தமிழ் வழியாகத் திசையை உணரலாம். எந்த வினையோடு எந்தத் துண்டு சேரும் என்பதைப் பேசுபவர் வாயிலிருந்துதான் எடுத்துக்கொள்ள முடியும். மற்றொரு வேறுபாடும் உண்டு. நம் கூட்டுவினையில் காலம் கடைசித் துண்டில் ஏறுகிறது: விட்டுக்கொடுத்தேன், விட்டுக்கொடுப்பேன். ஆங்கிலத்தில் முதல் துண்டு மாறுகிறது, பின்னால் நிற்பது அசையாமல் நிற்கிறது. இடைச்சொல் தனித்து இயங்காது, பெயரோடும் வினையோடும் சேர்ந்தே நடக்கும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஆங்கிலத்தின் இந்தச் சிறு சொற்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இலக்கணம் நினைவுக்கு வருகிறது.

எத்தனை தொடர்களைக் கற்க வேண்டும் என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் நம்பிக்கை தரும் விடை கண்டிருக்கிறார்கள். டீ கார்ட்னரும் மார்க் டேவிஸும் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியச் சொற்றொகுப்பை (பேச்சிலும் எழுத்திலும் உண்மையில் வழங்கிய ஆங்கிலத்தின் திரட்டு) ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையின்படி, மிக அதிகமாக வழங்கும் 100 தொடர்களே மொத்தப் பயன்பாட்டில் பாதிக்கு மேல் இடம்பெறுகின்றன. அவற்றுள் முதலிடம் 'கோ ஆன்' என்பதற்கு. 2015இல் மெலோடி கார்னியரும் நார்பர்ட் ஷ்மிட்டும் 150 தொடர்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உண்மையில் தேவைப்படும் பொருள்களை மட்டும் பிரித்து, மொத்தம் 288 பொருள்கள் கொண்ட பட்டியல் ஒன்றை உருவாக்கினார்கள். ஒரு தொடருக்குச் சராசரியாக இரண்டு பொருள்கள்கூட இல்லை. ஆயிரக்கணக்கான தொடர்களை அகரவரிசையில் அடுக்கி வைத்திருக்கும் தடித்த நூல்களைக் கண்டு மலைத்துப்போயிருக்கும் எவருக்கும் இந்த எண்களைச் சொல்ல விரும்புகிறேன்.

அகரவரிசைப் பட்டியல் எனக்கு எந்தப் பயனும் தரவில்லை. 'கெட் அப்', 'கெட் ஆஃப்', 'கெட் ஓவர்', 'கெட் த்ரூ' என்று ஒரே வினையில் தொடங்கும் பத்தை ஒரே நாளில் படித்தால் பத்தும் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன. செவிலியர்களுக்கான ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வுக்குத் தயாரானபோது நான் அப்படித்தான் படித்தேன். பிரிட்டனின் செவிலியர் மன்றம் 2017 நவம்பர் முதல் அந்தத் தேர்வை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தது. அதன் பேச்சுப் பகுதியில் ஒருவர் நோயாளியாக நடிக்க, நாம் செவிலியராகப் பேசும் இரண்டு உரையாடல்கள் உண்டு. நல்ல தேர்வுதான், தேர்ச்சியும் பெற்றேன். ஆனால் நோயாளியாக நடிப்பவர் தெளிவாகப் பேசுகிறார். வலியில் இருப்பவர் அப்படிப் பேசுவதில்லை.

அலாரம் ஒலித்த அந்த இரவுக்குப் பிறகு சட்டைப் பையில் ஒரு சிறிய குறிப்பேடு வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். நோயாளியின் பெயரோ படுக்கை எண்ணோ அதில் இருக்காது. கேட்ட வாக்கியத்தைக் கேட்டபடியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். பக்கங்களை எழுத்து வரிசையில் பிரிக்காமல் நாளின் பொழுதுகளால் பிரித்தேன். விடியற்காலை, குளியல், சாப்பாடு, வலி, மருத்துவர் வரும் நேரம், உறவினர் வரும் நேரம், இரவு. சாப்பாட்டுப் பக்கத்தில் 'கீப் டவுன்' இருந்தது: உண்டதை வாந்தி எடுக்காமல் வயிற்றில் நிறுத்திக்கொள்வது. இரவுப் பக்கத்தில் 'நாட் ஆஃப்' இருந்தது: தன்னை அறியாமல் கண்ணயர்வது. அதற்குப் பக்கத்தில் 'அசந்துபோ' என்று எழுதியிருந்தேன். வலிப் பக்கம்தான் விரைவில் நிரம்பியது. 'புட் அப் வித்' என்பதற்கு எதிரில் 'பொறுத்துக்கொள்' என்று எழுதியபோது, யார்க்ஷயரின் முதியவர்கள் அந்தத் தொடரை எத்தனை முறை சொல்கிறார்கள் என்பதைக் கவனித்தேன். வலி எவ்வளவு என்று கேட்டால், பொறுத்துக்கொள்வேன் என்பார்கள். அது வலி குறைவு என்பதன் அடையாளம் அன்று. தொந்தரவு கொடுக்க விரும்பவில்லை என்பதன் அடையாளம். திண்டுக்கல்லில் நான் பார்த்த பாட்டிகளும் அப்படியே. அந்தத் தொடரைக் கேட்டால் வலி மருந்தைப் பற்றி இரண்டாம் முறை கேட்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

எழுதிக்கொள்வதற்கு முதலில் காதில் விழ வேண்டும், அதுதான் கடினமாக இருந்தது. தொடர்கள் தனித்தனிச் சொற்களாக என் காதுக்கு வரவில்லை. ஒரே சொல்லாக உருண்டு வந்தன. பிறகு ஒரு நாள் காரணம் புலப்பட்டது. 'அப்', 'ஆஃப்', 'அவுட்', 'ஆன்', 'இன்', 'ஓவர்', 'அவே' என்று அதிகம் வழங்கும் ஒட்டுகளில் பெரும்பாலானவை உயிரொலியில் தொடங்குகின்றன. முன்னால் நிற்கும் வினை மெய்யில் முடிந்தால், உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பு என்று நன்னூல் சொல்லும் விதி அப்படியே செயல்படுகிறது: 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிட்டப்' ஆகிறது. வினை உயிரில் முடிந்தால் நம்முடைய உடம்படுமெய் அங்கேயும் தோன்றுகிறது. 'கேரி ஆன்' என்பதில் யகரம் நுழைந்து 'கேரியான்' என்று ஒலிக்கிறது. 'த்ரோ அப்' என்பதன் இறந்தகால வடிவமான 'த்ரூ அப்' என்பதில் வகரம் நுழைந்து 'த்ரூவப்' என்று ஒலிக்கிறது. மணி, அழகு என்பவை மணியழகு ஆவதையும், பூ, அரும்பு என்பவை பூவரும்பு ஆவதையும் எட்டாம் வகுப்பில் பிரித்து எழுதி மதிப்பெண் வாங்கிய எவரும் இதைக் கேட்டுப் பழகிவிட முடியும். யார்க்ஷயரில் இதற்கு மேலும் ஒரு படி உண்டு. டகரம் உயிர்களுக்கு நடுவே ரகரமாக உருண்டு, 'கெட் ஆஃப்' என்பது 'கெராஃப்' என்றும் 'கெட் அப்' என்பது 'கெரப்' என்றும் வரும். என் நோயாளிகளில் பாதிப் பேர் அப்படித்தான் பேசினார்கள். எந்தப் பாடநூலிலும் நான் இதைப் படித்ததில்லை.

பேசத் தொடங்கியபோது இன்னொரு விதி குறுக்கே வந்தது. 'டர்ன் ஆஃப் த லைட்' என்றும் சொல்லலாம், 'டர்ன் த லைட் ஆஃப்' என்றும் சொல்லலாம். ஆனால் 'அதை' என்ற சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் அமர வேண்டும், 'டர்ன் இட் ஆஃப்' என்றே வரும். சுட்டுப்பெயரில் அழுத்தம் விழுவதில்லை, அழுத்தம் வாக்கியத்தின் இறுதியில் ஒட்டின் மேல் விழ வேண்டும் என்பது இதன் காரணம். 'லுக் ஆஃப்டர்' போன்றவற்றை இப்படிப் பிரிக்க முடியாது. இந்த விதியை நான் இலக்கண நூலிலிருந்து கற்றுக்கொண்டதைவிட, உடன் பணிபுரிந்த உதவிப் பணியாளர் ஒருவரின் கைகளிலிருந்து கற்றுக்கொண்டேன் என்பதே சரி. அவர் எந்த நோயாளியைத் தொடும்போதும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்: 'சிட் யூ அப்' (உட்கார வைக்கிறேன்), 'டர்ன் யூ ஓவர்' (புரட்டிவிடுகிறேன்), 'டக் யூ இன்' (போர்த்திவிடுகிறேன்). தலையணைக்குக் கீழே ஒரு கை, தோளுக்குப் பின்னால் ஒரு கை. வினை ஒரு பக்கம், ஒட்டு ஒரு பக்கம், நடுவில் 'நீங்கள்'. நானும் அவருக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று, அவரோடு சேர்ந்து தூக்கி, அவரோடு சேர்ந்து அந்தத் தொடரைச் சொல்வேன். சில வாரங்களில் கை நகரும்போதே வாயும் சரியாக நகர்ந்தது.

எழுத்தில் இவற்றைப் பயன்படுத்துவதில்லை. நோயாளியின் பதிவேட்டில் இரண்டு முறை வாந்தி எடுத்தார் என்பதை 'வாமிட்டட்' என்றே எழுதுகிறேன். அங்கே சொல்லுக்கு ஒரே பொருள் இருப்பது பாதுகாப்பு. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நோயாளிகளிடமும் நான் தொடர்களைத் தவிர்க்கிறேன். இத்தாலியரோ ருமேனியரோ ஆனால் இலத்தீன் வழிச் சொல்தான் அவர்களுக்கு எளிதில் பிடிபடும். ஒருமுறை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல ஆண்டுகளாக மகளோடு வாழும் அம்மா ஒருவர் அனுமதிக்கப்பட்டிருந்தார். 'சத்தி வருது பிள்ளை' என்றார். எனக்கு வாந்தி என்ற சொல் தெரியும், ஓங்கரிப்பு தெரியும், குமட்டல் தெரியும்; சத்தி தெரியாது. அவர் கை வாயை நோக்கிப் போவதைப் பார்த்துப் பாத்திரத்தை நீட்டினேன். என் தாய்மொழியிலேயே ஓர் உடம்பின் வேதனைச் சொல் எனக்கு அந்நியமாக இருந்தது. அன்று மாலை குறிப்பேட்டில் 'த்ரோ அப்' இருந்த அதே வரியில் சத்தியையும் சேர்த்துக்கொண்டேன்.

குறிப்பேட்டில் உறவினர் வரும் நேரத்துக்கான பக்கம் சிறியது. அதில் 'புல் த்ரூ' என்ற தொடர் இருக்கிறது. மார்புச் சளி முற்றி நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்ட ஒருவரின் மனைவி, அவர் 'புல் த்ரூ' ஆகிவிடுவார் அல்லவா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அதற்கு முன் நான் அந்தத் தொடரைக் கேட்டதில்லை. ஆனால் 'பிழைத்து வந்துவிடுவாரா' என்று தமிழில் கேட்டதைப் போலவே அது என்னை வந்தடைந்தது. அகராதியைத் தேட வேண்டியிருக்கவில்லை. வாக்குறுதி தர எனக்கு உரிமை இல்லை என்பதால், நாங்கள் அவரைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டேன்.

மூன்றாம் நாள் அதிகாலையில் அவர் கண் விழித்தார். தண்ணீர் கேட்டார், மனைவியின் பெயரைச் சொன்னார். நான் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தபோது மறுமுனையில் அந்த அம்மாவின் குரல் நடுங்கியது. என்ன சொல்ல வேண்டும் என்று யோசிப்பதற்கு முன்பே, 'ஹீஸ் கம் ரவுண்ட்' என்று என் வாயில் வந்தது.